ஆற்றை எல்லையாக்கக் கூடாது

சென்னைக்குக் குடிவருகிறவர்கள் பீரோ கொண்டுவருவார்கள், கட்டில் கொண்டுவருவார்கள், சில பேர் துளசி மாடத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு முழுத் தாலுகாவை, அதன் ஆறு, அணை, வாய்க்கால், பல கிராமங்கள் அடங்கிய ஐந்து பிர்கா, தாலுகா ஆபீஸான கச்சேரிக் கட்டடம், அதன் பின்னால் இருந்த சப்ஜெயில் உட்பட, லாரியில் ஏற்றாமலேயே கொண்டுவந்து அடையாறில் இறக்கியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆதார் அட்டையில் இருக்கும். நாங்கள் தாலுகா என்போம். அவர் முன்னாலேயே சொல்வோம். அவருக்கு அதில் பெருமைதான். காஸ் சிலிண்டர் போடுகிறவர் வாசலில் நின்று “தாலுகா வூடு எது?” என்று கத்துவார். அது எந்தத் தாலுகா என்று மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை. தெற்கே ஓர் ஆற்றங்கரைத் தாலுகா. பெயர் போட்டால் அங்கிருந்து யாராவது மனு அனுப்புவார்கள். அவரும் பெயர் சொன்னதில்லை. “நம்ம தாலுகா” என்பார். மற்ற தாலுகாக்கள் எல்லாம் அரசாங்கம் கைதவறி உண்டாக்கியவை என்பது அவர் எண்ணம்.

சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நாங்களும் அங்கேயெல்லாம் சிரித்தவர்கள்தான். அந்தச் சிரிப்பு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

நான் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். தரைத்தளத்தில் இருக்கிறேன். அவர் அந்தத் தாலுகாவில் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு மகள் வசந்தியோடு இருக்க வந்தவர். வந்த மறுநாள் காலை என் கதவைத் தட்டினார்.

“வணக்கம் சார். இது எந்த கிராமம்?”

“அடையாறு சார்.”

“அது ஊரு. கணக்குல எந்த கிராமம்? எந்த பிர்கா? நாம நிக்கிற இந்த இடத்துக்கு சர்வே நம்பர் என்ன?”

பானிபட் யுத்தம் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன் நான். என் காலுக்குக் கீழே இருந்த மண்ணின் நம்பர் தெரியவில்லை. “கரண்ட் பில்லுல இருக்கும்னு நினைக்கிறேன்” என்றேன். அவர் என்னை ஒரு புறம்போக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே ஆற்றைப் பார்க்கக் கிளம்பினார். எங்கள் தெரு ஒரு சுவரில் முடிகிறது. சுவருக்கு அப்பால் அடையாறு. வாட்ச்மேன் ஏகாம்பரம் நாற்காலி போட்டு அவரை ஏற்றிவிட்டார். எட்டிப் பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இதுக்கு யாருப்பா பொறுப்பு?”

“ஆத்துக்கா? ஆத்துக்கு இன்னா சார் பொறுப்பு? அது பாட்டுக்குப் போய்க்கினு கீது.”

“மதகு எங்க?”

“மதகெல்லாம் கெடையாது. குப்பைதான் கீது.”

நாற்காலியிலிருந்து இறங்கியபோது அவர் முகம் துக்கம் விசாரித்துவிட்டு வருகிறவர் முகம்போல இருந்தது. “புரொபசர் சார், இது ஆள் இல்லாத ஆறு சார்” என்றார். நான் எத்தனையோ வருஷமாக அதன் கரையில் இருக்கிறேன். நாற்றம் வந்திருக்கிறது, கொசு வந்திருக்கிறது, ஒரு மழைக்காலத்தில் ஆறே என் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. துக்கம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

தாலுகாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேற்கு எல்லையில்தான் ஆரம்பிப்பார். ஆறு அங்கேதான் உள்ளே நுழைகிறதாம். அணையில் தண்ணீர் இரண்டாகப் பிரியும். வடகரை வாய்க்கால், தென்கரை வாய்க்கால். அப்புறம் ஒவ்வொரு கிராமமாகக் கிழக்கே இறங்குவார். இடையில் யாராவது குறுக்கே பேசினால் விட்ட இடத்தில் தொடர மாட்டார். திரும்ப மேற்கே போய்விடுவார். ஒருமுறை வங்கியில் ஒரு பெண் “நிரந்தர விலாசம் சொல்லுங்க சார்” என்று கேட்டுவிட்டாள். இவர் அணையிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. கிழக்கு எல்லையை நெருங்கும் நேரத்தில் அவள் “பின்கோடு?” என்றாள். போச்சு. மறுபடி அணை.

சரித்திரமும் வைத்திருந்தார். முதலில் ஜமீன், அப்புறம் கிழக்கிந்தியக் கும்பினி, அப்புறம் வெள்ளைக்காரக் கலெக்டர்கள், அப்புறம் நம் ஆட்கள். ஆண்டவர்கள் எல்லாரும் மாறினார்கள், தாலுகாவின் எல்லைக் கல் ஒன்றுகூட அசையவில்லை என்பார். அதற்கு ஒரு காரணமும் சொல்வார்.

“ஆறு நடுவுல ஓடுது சார். வடகரைக்காரனுக்கும் தென்கரைக்காரனுக்கும் தண்ணிச் சண்டை இல்லாத வருஷம் கிடையாது. மண்வெட்டியோட வருவாங்க. ஆனா ரெண்டு பேரும் எங்க ஆபீஸுக்குத்தான் வந்தாகணும். ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். கத்துவான், திட்டுவான், சாயங்காலம் ஒரே கடையில டீ குடிச்சிட்டுப் போவான். சண்டை ஒரே மேஜையில நடந்தா நிர்வாகம் சார். ரெண்டு ஆபீஸ்ல நடந்தா கேஸ்.”

நான் தலையாட்டினேன். வகுப்பில் என் மாணவர்கள் தலையாட்டியதுபோலத்தான்.

நாளாக ஆக எங்கள் குடியிருப்பையே அவர் ஒரு தாலுகாவாக்கிவிட்டார். மூன்றாம் மாடி மேல் பிர்கா, இரண்டாம் மாடி நடு பிர்கா, முதல் மாடி கீழ் பிர்கா. தரைத்தளம் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். மேலே தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எனக்குத்தான் முதலில் நிற்கிறது என்று நானே ஒருநாள் அவரிடம் புலம்பினேன். அந்தக் கோடையில் தண்ணீர் லாரி சரியாக வரவில்லை. தாலுகா உடனே முறைப்பாசனம் அமல்படுத்தினார். மொட்டைமாடிக்கு ஏறி, ஒரு பிர்காவுக்கு வால்வைத் திறந்தால் மற்ற பிர்காக்களுக்கு மூடிவிடுவார். மூன்றாம் மாடி சம்பூர்ணம் மாமி தலையில் துண்டோடு மாடிப்படியில் வந்து நின்றாள்.

“என்ன அநியாயம் இது! தலைல சீயக்காயைத் தேச்சுண்டு நிக்கறேன், ஜலம் நின்னுடுத்து!”

“மேல் பிர்காவுக்கு முறை முடிஞ்சுதும்மா. இப்ப கடைமடை பாயுது.”

“கடைமடை பாயட்டும்! என் கண்ணுல சீயக்கா பாயறதே, அதுக்கு என்ன சொல்றேள்?”

“மனுவா எழுதிக் குடுங்க. ஜமாபந்தில எடுத்துக்கறேன்.”

ஜமாபந்தி என்பது வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தாலுகா ஆபீஸில் வந்து உட்கார்ந்து, கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்து, ஜனங்களிடம் மனு வாங்குகிற சடங்கு. இவர் அதை எங்கள் மொட்டைமாடியில் நடத்தினார். முதல் வருஷம் வேடிக்கைக்குப் போனோம். அப்புறம் பழகிவிட்டது. மாமி சீயக்காய் மனு கொடுத்தாள். முதல் மாடி பஷீர் பாய், தி.நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தன் கார் நிறுத்துமிடத்தில் மாமியின் பூந்தொட்டி ஆக்கிரமிப்பு செய்திருப்பதாக மனு கொடுத்தார். தாலுகா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே படித்து, ஒரே பதில் சொல்வார்: “பரிசீலிக்கப்படும்.” ஒன்றுகூடத் தீர்ந்ததில்லை. ஆனால் மாமியும் பாயும் வருஷம் பூராவும் போட்ட சண்டையை அன்று அந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டுவிட்டு, வசந்தி கொண்டுவந்த கேசரியைச் சேர்ந்து சாப்பிடுவார்கள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

போன வருஷம் ஒரு காலை, அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். தாலுகாவை இரண்டாகப் பிரிக்கப்போகிறார்கள். வடகரை ஒன்று, தென்கரை ஒன்று. நடுவே ஆறு எல்லை. வருகிற சனிக்கிழமை பழைய கச்சேரியில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வரலாம், தபாலிலும் அனுப்பலாம்.

சட்டை மாட்டாமலே என் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். 

“சார், ஆத்தை எல்லையாக்கக் கூடாது சார். மதகு ஒரு தாலுகாவுல, வயல் இன்னொரு தாலுகாவுல போயிடும். ஒரு மேஜை போயிடும் சார். நான் போய்ச் சொல்லணும். சொல்ல அங்க இப்ப ஆள் இல்ல. எல்லாம் புதுப் பசங்க.”

பின்னாலேயே வசந்தி வந்தாள். அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அதிக நாளாகவில்லை. பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரை மாடிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் அழுதாள்.

“அங்கிள், இவர் எனக்குத் தெரியாம பஸ் ஏறிடுவார். வழியில ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நீங்க சொன்னாத்தான் கேப்பார். ஏதாவது சொல்லுங்க.”

நான் செய்தது இதுதான். மறுநாள் அவரிடம் போய், சென்னையில் இருக்கும் அந்தத் தாலுகாக்காரர்களிடம் கருத்துக் கேட்க ஓர் அதிகாரி இங்கேயே முகாம் வருகிறார் என்றும், விசாரித்ததில் உங்களைப் பார்க்க நம் மொட்டைமாடிக்கே வர ஒப்புக்கொண்டார் என்றும் சொன்னேன். அதே சனிக்கிழமை. அவர் நம்பினார். அதிகாரி ஜனங்களைத் தேடி முகாம் போவதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த நிர்வாகம். தவிர, சொன்னவன் நான்.

“அப்படியா சார்? நல்ல ஆபீசரா இருப்பார்போல இருக்கே. எதுக்கும் ஊருக்குத் தபால்ல ஒண்ணு போட்டுடட்டுமா? அதுவும் எடுத்துப்பாங்க.”

“ஆபீசரே நேர்ல வர்றப்போ தபால் எதுக்கு சார்?” என்றேன்.

இந்த வாக்கியம்தான் இப்போது தினமும் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. தபாலை ஏன் தடுத்தேன்? போட்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நாடகம் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு உற்சாகம் எனக்கு.

குடியிருப்பில் எல்லோரிடமும் திட்டத்தைச் சொன்னபோது பஷீர் பாய் மட்டும் வேண்டாம் என்றார். “பாவம் சார் இது. தாலுகா ஸாப் சொல்றதை எழுதிக் குடுங்க, நான் கார்ல போய்க் குடுத்துட்டு வரேன். ஒருநாள் கடையைப் பூட்டினா ஒண்ணும் குடி முழுகாது.” நான் அவரைச் சமாதானப்படுத்தினேன். வேடிக்கைதானே பாய் என்றேன்.

அதிகாரி வேஷத்துக்கு என் பழைய மாணவன் சீனுவைப் பிடித்தேன். மயிலாப்பூர் சபா நாடகங்களில் கலெக்டராக நடித்து நடித்து, வீட்டிலும் அதே குரலில் காபி கேட்கிறவன். மொட்டைமாடியில் மேஜை போட்டு, மாமியின் பச்சைப் பட்டுப் புடவையை விரித்தோம். ஏகாம்பரத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி அதிகாரிக்கு முன்னால் நடக்கும் டவாலி ஆக்கினோம். அவர் படியில் நின்று கட்டியம் கூறினார்.

“கம்முனு இருங்கோ எல்லாரும்! கலெக்டரு வந்துகினு கீறாரு! மாமி, செல்லை ஆஃப் பண்ணு!”

“எனக்கு அதை ஆஃப் பண்ணத் தெரியாதுடா!”

தாலுகா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்தார். கையில் ஓர் எலுமிச்சம்பழம். அதிகாரியைப் பார்க்கும்போது கொடுக்கிற மரியாதை. அதைச் சீனுவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேற்கிலிருந்து ஆரம்பித்தார்.

நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். அணை வந்தது, வடகரை வந்தது. தென்கரையில் பாதி தூரம் வந்தபோது யாரும் உதட்டைக் கடிக்கவில்லை. ஒரு வருஷம் கரை உடைந்ததையும், இரண்டு கரைக்காரர்களும் ஒரே இரவில் மூட்டை அடுக்கியதையும் சொன்னார். இரண்டு ஆபீஸ் இருந்திருந்தால், உடைந்தது யார் எல்லையில் என்று அளந்து முடிப்பதற்குள் ஊர் போயிருக்கும் என்றார். ஆறு நடுவில் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம், எல்லையாகிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் அந்நியம் என்றார். சுவருக்கு அப்பால் இருந்த ஆற்றைக் கைகாட்டி, “அப்புறம் அது இப்படி ஆயிடும் ஐயா” என்றார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்குத் தெரிந்து முதல்முறையாக அவர் கிழக்கு எல்லையைத் தொட்டு முடித்தார்.

சீனு எழுந்தான். பாவம், அவனும் அழுதுகொண்டிருந்தான். தொண்டையைச் செருமி, சபா குரலில் முழங்கினான்.

“உங்கள் ஆட்சேபணையை ஏற்கிறேன்! தாலுகா பிரிக்கப்படாது! இது என் உத்தரவு!”

எல்லோரும் கை தட்டினோம். ஏகாம்பரம் விசில் அடித்தார்.

தாலுகா தட்டவில்லை. சீனுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உத்தரவை இங்கேயே போடுறீங்களா ஐயா?”

“ஆமாம்! இப்போதே! இந்த இடத்திலேயே!”

கருத்துக் கேட்க வந்த எந்த அதிகாரியும், இந்த நாட்டில், மனுதாரர் முகத்துக்கு நேரே முடிவு சொன்னதில்லை. பரிசீலிக்கப்படும் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வராது. அதை எங்கள் எல்லோருக்கும் வருஷா வருஷம் மேஜை போட்டுக் கற்றுக்கொடுத்தவர் இவர். எங்களில் ஒருவருக்கும் அதைச் சீனுவிடம் சொல்லிவைக்கத் தோன்றவில்லை.

தாலுகா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

“மணி என்ன சார்?”

“பதினொண்ணரை.”

“அங்க பத்தரைக்கே ஆரம்பிச்சிருப்பாங்க.”

கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அவர் சீனுவிடம் போய்க் கும்பிட்டார். “நல்லா நடிச்சீங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

“தபால்லயாவது போட்டிருக்கலாமே சார்.”

 வசந்தி கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

சில மாதம் கழித்துப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது. அதை அவர் கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்று இரண்டாம் மாடிக்குப் போகும் பேப்பரை நானே எடுத்து ஒளித்தேன். அடுத்த பொய். ஏகாம்பரம் தான் வாங்கும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். “தாலுகா சார், உங்க ஊரு நூஸ் வந்து கீது! போட்டோ இல்ல, மேட்டர் மட்டும்தான்!” தாலுகா வாசலிலேயே நின்று படித்தார். தாலுகா பிரிக்கப்பட்டது. ஆறு எல்லை. பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை. பேப்பரை நாலாக மடித்து ஏகாம்பரத்திடம் கொடுத்து, “ஆட்சேபணை இல்லையாம்ப்பா” என்றாராம்.

அவர் போயிருந்தால் தடுத்திருக்க முடியுமா? முடிந்திருக்காது. சரித்திரம் படித்தவனுக்கு அது தெரியும். முடிவு செய்த பிறகுதான் கருத்துக் கேட்பார்கள். ஆனால் ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று அவர்களால் எழுதியிருக்க முடியாது. அந்த ஒரு வரியை எழுதவிட்டவன் நான். குற்ற உணர்வு தாங்காமல் பிறகு நானே ஒரு மனு எழுதி அனுப்பினேன். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அதையாவது நிஜமான அதிகாரி எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தாலுகாவைப் பற்றிப் பேசவில்லை. இந்த வருஷம் ஜமாபந்தி இல்லை. தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போது வருகிறது. பஷீர் பாயும் மாமியும் பூந்தொட்டி விஷயமாக வக்கீல் நோட்டீஸ் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வங்கியில் நிரந்தர விலாசம் கேட்டால் எங்கள் குடியிருப்பின் கதவு எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறாராம். ஒருநாள் பொறுக்கமுடியாமல் நானே கேட்டேன்.

“தாலுகா சார், ஆறு எந்த கிராமத்துல உள்ள நுழையுதுன்னு சொன்னீங்க?”

“எந்த ஆறு சார்?” என்றார்.

மறதி இல்லை. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது; மூளை சுத்தமாக இருக்கிறதாம். அது எனக்கு இன்னும் மோசமான செய்தி.

வசந்திக்கு என்மேல் கோபம் இல்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் அங்கிள், அது போதும் என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.  மன்னிப்பு நான் தாலுகாவிடமே கேட்டேன். கேட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பதில் சொல்லவில்லை. பரிசீலிக்கப்படும் என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்துச் சிமென்ட் மேட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார். நானும் போகிறேன். பேச்சு கிடையாது. ஆனால் நான் போய் நின்றால், என் பக்கம் திரும்பாமலே, கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார். எனக்கு இடம் கிடைக்கிறது. அவர் நகராத ஒரு நாள் வந்துவிடக் கூடாதே என்றுதான், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, தினமும் மூன்று மாடியும் தாண்டி ஏறுகிறேன்.